உருகி உறைந்த வெண்ணெய்

"ஆர்வில்! என் நாய் வாஃபிளைக் காணோம்! அந்த கிரேடிதான் தூக்கியிருக்கான்."

வெர்னா ஸ்டோக்லி வாணலியோடு வந்து நின்றாள். ஆர்வில் டாஸ்கர் தக்காளி சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைத் துருவி ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். நெப்ராஸ்காவில் வண்டிவீடுகள் நிற்கும் அந்த ஆற்றங்கரை முகாமில் கோடைக்காலம் முழுக்கத் தன் வண்டிவீட்டிலேயே தங்குவார்.

"வாணலி எதுக்கு?"

"அவன் மண்டைக்கு. 'இந்த நாயை ஆத்துல விடப்போறேன்'னு காலைலதான் சொன்னான்."

முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஜூனி ப்ரூயிட் ஓடி வந்தாள். "போலீசைக் கூப்பிடவா சார்? கிரேடி வண்டியைச் சோதனை போடலாமா?"

"மூச்சு விடு முதல்ல. வெர்னா, என்ன நடந்தது?"

வாஃபிளுக்கு இதயம் பலவீனம். மாத்திரை தீர்ந்துபோனதால் வெர்னா காலையில் டவுனுக்குப் போனாள். ஏசியை ஓடவிட்டு, நாயை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினாள். திரும்பியபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஏசி ஓடியது. நாய்தான் இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள மாத்திரை உள்ள போகணும் ஆர்வில். இல்லன்னா அது தாங்காது."

மூவரும் அவள் வண்டிக்குள் ஏறினார்கள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியது. மைக்ரோவேவின் கடிகாரமோ பன்னிரண்டு என்று மின்னிக்கொண்டிருந்தது. மேஜைமேல் வெண்ணெய்க் கிண்ணம். கட்டியாக வைத்த வெண்ணெய் கிண்ணம் முழுக்கப் பரவி, தட்டையாக உறைந்திருந்தது. படுக்கை விரிப்பு ஒரு பக்கம் கலைந்து தொங்கியது.

"காலைல நான் விரிப்பை இழுத்துச் சொருகிட்டுதான் போனேன்" என்றாள் வெர்னா.

வெளியே, எதிர் வண்டியின் முன்னால், கிரேடி ஹோல்கம் மடக்கு நாற்காலியில் இருந்தார். "நான் எடுக்கலம்மா. மத்தியானம் என்னைக்கும் இல்லாத குரை குரைச்சுது. அப்புறம் பட்டுனு நின்னுது. அப்பாடான்னு தூங்கிட்டேன்."

"பாவி!" வாணலி உயர்ந்தது. ஜூனி பிடித்துக்கொண்டாள்.

ஆர்வில் அடுத்த இடத்தை நோக்கிப் போனார். வெர்னா டவுனுக்குப் போன பிறகு வந்து சேர்ந்த பெரிய வண்டி அது. மற்ற வண்டிகளெல்லாம் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்க, இது மட்டும் மூக்கை ஆற்றுப் பக்கம் நீட்டி நின்றது. அதன் கரண்ட் வயர் இடப்பக்கம் கிளம்பி, வண்டிக்கு அடியில் புகுந்து, வலப்பக்கக் கரண்ட் பெட்டியில் ஏறியது.

ஆர்வில் தட்டியதும் கதவு விரல்கடை அளவு திறந்தது. லைல் பென்ச்சர் எட்டிப் பார்த்தான்.

"பக்கத்து வண்டில ஏதாவது சத்தம் கேட்டுதா தம்பி?"

"இல்லீங்க. அந்த நொண்டி நாயைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

ஆர்வில் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். "கிரேடி, நீயும் வா. வெர்னா, அந்த வாணலியைக் கீழ வை. நாய் உசுரோட இருக்கு."

"எப்படிச் சொல்றீங்க சார்?" என்றாள் ஜூனி.

"கடிகாரம் மின்னுதுன்னா கரண்ட் போய்த் திரும்ப வந்திருக்கு. வெண்ணெய் உருகுற வரைக்கும் வரல. ஆனா முகாம்ல வேற யாருக்கும் போகல. அப்போ வெர்னா வயரை மட்டும் யாரோ புடுங்கியிருக்காங்க. நம்ம வண்டிங்க எல்லாத்துக்கும் வயர் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். பெட்டியும் அந்தப் பக்கம்தான்."

"மூக்கைத் திருப்பி நிறுத்தினா? இடப்பக்கம் இருக்கிறது வெர்னாவோட பெட்டி. லைல் அதைத் தன்னோடதுன்னு நெனச்சான். யாரோட வயரோ தன் இடத்துல தொங்குதேன்னு புடுங்கிட்டுத் தன்னோடதை மாட்டினான். ஏசி நின்னுது. நாய் கத்துச்சு. அப்புறம்தான் தப்பு புரிஞ்சு, அவ வயரைத் திரும்ப மாட்டிட்டு, தன்னோடதை வண்டிக்கு அடில இழுத்தான்."

"பூட்டு?" என்றாள் வெர்னா.

"படுக்கைக்கு அடில சாமான் வைக்கிற பொந்துக்கு வெளிலேருந்து ஒரு கதவு. உன் சாவி என் பொந்தைத் திறக்கும், என்னோடது கிரேடியோடதை. எல்லாருக்கும் ஒரே சாவி. அது வழியாப் புகுந்து படுக்கைப் பலகையைத் தூக்கினா நாயை எடுத்துடலாம், விரிப்பு கலைஞ்சது அதனாலதான். நொண்டின்னு நம்ம யாரும் சொல்லலையே தம்பி. பூட்டின வண்டிக்குள்ள இருந்த நாய் நடக்கிறதைப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும்."

லைல் கதவை முழுக்கத் திறந்தான். சோபாவில் ஈரத் துண்டு போர்த்திய வாஃபிள் பன்றி இறைச்சி தின்றுகொண்டிருந்தது. வால் ஒரு தடவை அடித்தது.

"உள்ள வெக்கைல நாக்கு தொங்கிப்போச்சுங்க. மூச்சு சரியானதும் கொண்டுவந்து விடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவங்க வாணலியோட..."

வெர்னா உள்ளே ஏறினாள். மாத்திரையை இறைச்சித் துண்டில் சுருட்டி ஊட்டினாள். நாய் விழுங்கியதும் அதன் விலாமேல் கையை வைத்து, மூச்சு சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். பிறகுதான் அவள் தோள்கள் தளர்ந்தன. லைல் அடியை எதிர்பார்த்து நின்றான்.

"உன் வண்டியைத் திருப்பி நிறுத்துடா முட்டாள்" என்றாள். "அப்புறம் சாப்பிட வா."

லைல் வண்டியைப் பின்னால் எடுக்க, முகாமே இறங்கி வந்து கையாட்டியது. "இடது! உன் இடதுடா!" என்று கிரேடி கத்தினார். வாஃபிள் விடாமல் குரைத்தது. கிரேடி அதைத் திட்டவில்லை.