வாசலைப் பார்த்த செருப்புகள்

மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு பிற்பகலில் அவள் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். ஊரில் வீடு என்று சொன்னார்களே தவிர, அது ஒரே ஒரு நீள அறைதான். ஓட்டுக் கூரை, ஒரு கதவு, எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல். முன்னால் இடுப்பளவுக்கு ஒரு கல். இரண்டு உலகப் போர்களுக்கும் இந்த ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் அதில் வெட்டியிருந்தன. வெயிலும் மழையும் தடவித் தடவி, இப்போது விரலால் தொட்டால்தான் எழுத்து இருப்பதே தெரியும்.

பழைய காவலாளி மூட்டை கட்டித் தயாராக இருந்தார். மகள் வீட்டோடு போய்த் தங்கப் போகிறவர். சாவியை அவள் கையில் வைத்ததும் அவர் முகத்தில் படர்ந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

உள்ளே சுவரோரம் மரத் தட்டுகள். தட்டுகளில் செருப்புகள்.

"துப்பாக்கி, தொப்பி இதெல்லாம் இருக்கும்னு நினைச்சேங்கய்யா" என்றாள்.

"அதெல்லாம் போன இடத்துலயே போச்சும்மா. பட்டாளத்துல பூட்ஸ் குடுத்தாங்க. இதை வீட்டு வாசல்ல விட்டுட்டுப் போனானுங்க, வந்து போட்டுக்கலாம்னு. பெத்தவங்க இருந்தவரைக்கும் வாசல்லயே கிடந்துச்சு. அவங்களும் போனப்புறம், தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? இங்க கொண்டாந்து வச்சாங்க."

மேல் தட்டில் முதல் போருக்குப் போனவர்களுடையவை. தோல் மரம்போல இறுகியிருந்தது. நடுத்தட்டில் இரண்டாம் போருக்குப் போனவர்களுடையவை. சிலவற்றுக்கு டயரை வெட்டி அடி வைத்துத் தைத்திருந்தார்கள். கீழ்த்தட்டு காலி.

"இது எதுக்குங்கய்யா?"

"பலகை மிஞ்சியிருக்கும். தச்சன் சும்மா இருப்பானா, அடிச்சுட்டான்." அந்தத் தட்டைப் பார்க்காமலேயே சொன்னார். "தினம் தொடைச்சு, லேசா எண்ணெய் போடு. எடுத்த மாதிரியே வச்சிரு. முனை சுவரைப் பார்த்து இருக்கணும். வாசல் பக்கம் திருப்பிடாதே."

"திருப்பினா?"

"உள்ள வந்தவங்க உள்ளயே இருக்கட்டும்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

சில நாளிலேயே ஊருக்கு அவள் சாவிக்காரி ஆகிவிட்டாள். அடுத்த வீட்டுத் தையற்காரிதான் அந்தப் பெயரை வைத்தது.

"கடைசில செருப்புக்குக் காவலா அக்கா?"

"உயிரோட இருக்கறவங்களுக்கு ஊழியம் பண்றதுக்கு இது மேல்டி. இவங்க குறை சொல்ல மாட்டாங்க."

"அதுவும் சரி. என் கடைக்கு வர்றவளுங்களைக் கொஞ்சம் அங்க அனுப்பி வைக்கணும், பாடம் கத்துக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு அடியில் இருவருக்கும் ஒரே கவலைதான் இருந்தது. சாவிக்காரியின் ஒரே மகனும், தையற்காரி தாய்க்குத் தாயாக வளர்த்த தம்பியும் ஒரே நாளில் ஒரே பஸ்ஸில் பட்டாளத்துக்குப் போனவர்கள். எல்லையில் எங்கோ சண்டை நடந்துகொண்டிருந்தது.

மகனுடைய ரப்பர் செருப்பு அவள் வீட்டு வாசலில் இருந்தது. வார் பிய்ந்த இடத்தில் ஊக்குக் குத்தியிருந்தாள். "புதுசு வாங்கிக்கடா" என்றதற்கு, "வந்து வாங்கிக்கறேம்மா" என்று போனவன். வந்ததும் காலை நுழைத்துக்கொண்டு தெருவில் இறங்க வசதியாக, அதைத் தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். தையற்காரியும் தம்பியின் தோல் செருப்பை அப்படியே வைத்திருந்தாள். அது காலைக் கடிக்கிறது என்று அவன் சொன்னதால், நீலத் துணியில் பட்டை தைத்து வாரில் சுற்றியிருந்தாள்.

சாவிக்காரி அந்த வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக மட்டுமில்லை. கடவுளிடம் அவள் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தாள். யாரோ பெற்ற பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். என் பிள்ளையை யாராவது பார்த்துக்கொள்ளட்டும். அவ்வளவுதான் அவள் ஜெபம்.

ஒரு காலையில் பூட்டைத் திறந்தபோது அறைக்குள் உப்பு வாடை அடித்தது.

மழை இன்னும் தொடங்கவில்லை. ஊரில் கடல் கிடையாது. ஆனாலும் மேல் தட்டுச் செருப்புகளின் அடியில் ஈரம். நடுத்தட்டில் சேறு, இந்த ஊர் மண் இல்லாத சாம்பல் நிறச் சேறு. கருகிய துணியின் நாற்றம் வேறு. அவள் கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கந்தலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றையும் துடைத்து, வாசலில் வெயிலில் காயவைத்து, எண்ணெய் போட்டு, முனை சுவரைப் பார்க்க எடுத்து வைத்தாள். பயம் இருந்தது. ஆனால் நனைந்த காலோடு வந்த பிள்ளையைப் பார்த்து எந்தத் தாய் முதலில் பயப்படுவாள்?

அதற்குப் பிறகு அடிக்கடி அப்படி நடந்தது. சில மாலைகளில், கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது உள்ளே யாரோ வெறும் காலோடு நடக்கும் சத்தம். ஒரு முறை, இருமலை அடக்கும் சத்தம்.

அவள் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பாள்.

மகன் ஞாயிறு தவறாமல் பேசுகிறவன். ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

"சிக்னல் இருக்காதுக்கா. என் தம்பியும் பேசலை" என்றாள் தையற்காரி. அவன் அதற்கு முந்தைய நாள்தான் பேசியிருந்தான். சாவிக்காரி மனசு நோகக் கூடாதென்று சொன்ன பொய் அது.

நினைவு நாள் வந்தது. அதிகாரி ஒருவர் காரில் வந்து கல்லுக்கு மாலை போட்டார். மைக்கில், வீரர்கள் சாவதில்லை என்றார். அறைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கார் போனதும் ஊரும் கலைந்தது. மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அவள் மட்டும் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாகச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி. எந்தப் பிள்ளைக்கும் இது அடுக்குமா? அவள் எழுந்து ஒவ்வொரு ஜோடியாக வாசலைப் பார்க்கத் திருப்பினாள், தன் மகனுக்கு வைத்திருந்தது போல.

"போயிட்டு வாங்கப்பா" என்றாள்.

மறுநாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. விளக்கேற்ற வந்தவள் பூட்டைத் திறந்தாள்.

மேல் தட்டு காலி.

நடுத்தட்டும் காலி.

திருட்டுப் போய்விட்டது என்று பதறி, தையற்காரியைக் கூப்பிட மழையிலேயே ஓடினாள். தன் வீட்டு வாசலைத் தாண்டும்போது கால் தானாக நின்றது.

அவள் வாசலில் செருப்புகள் கிடந்தன. மரம்போல இறுகிய தோல் செருப்புகள், டயர் செருப்புகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறியும் ஒதுங்கியும், படியிலிருந்து தெருவரைக்கும். கல்யாண வீட்டில் இப்படிச் செருப்புக் கிடந்தால் உள்ளிருந்து சத்தம் வரும். இங்கே சத்தம் இல்லை.

சாவு வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மகனுடைய ரப்பர் செருப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பூட்டிவிட்டுப் போன கதவு திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. உப்பு வாடை. கருகல். நனைந்த கம்பளியின் மணம்.

கண்ணுக்கு யாரும் தெரியவில்லை.

ஆனால் சுவரோரம் சுற்றிலும் தரை ஈரமாக இருந்தது, ஆட்கள் நெருக்கி நெருக்கி உட்கார்ந்திருப்பதுபோல. கூடத்தின் நடுவில் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடம் காய்ந்திருந்தது.

அடக்கிய இருமல் ஒன்று.

"உட்காரும்மா."

காதோரம் வந்த குரல். மீசை சரியாக முளைக்காத வயதின் குரல்.

அவள் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் குளிர் அவளோடு தோள் உரசி உட்கார்ந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

போன் அடித்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.

தகவல் வர இவ்வளவு நாள் ஆனதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். பிறகு ஒரு பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். தூக்கியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு லேசு என்று.

ஊர் வந்தபோது வாசலில் அந்தச் செருப்புகள் இல்லை. தையற்காரி மெஷினை மூடிவிட்டு அக்காவோடேயே கிடந்தாள். தலை வாரிவிட்டாள், மடியில் போட்டு இரண்டு வாய் ஊட்டினாள். "அழுதுருக்கா, அழுதுரு" என்று அவளும் சேர்ந்து அழுதாள். "நான் திருப்பி வச்சேன்டி, நான்தான் திருப்பி வச்சேன்" என்று சாவிக்காரி பிதற்றியது அவளுக்குப் புரியவில்லை. புரியாமலே முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

காரியங்கள் முடிந்து அவள் மீண்டும் அந்த அறையைத் திறந்தாள். எல்லாச் செருப்புகளும் பழையபடி தட்டுகளில் சுவரைப் பார்த்து இருந்தன.

கீழ்த்தட்டில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வாரில் ஊக்கு.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கந்தலால் துடைத்தாள். ஊக்கின் இடுக்கிலிருந்த சாம்பல் நிறச் சேற்றை நகத்தால் எடுத்தாள். ஒப்பந்தத்தில் தனக்குக் கிடைத்தது இவ்வளவுதான் என்று தோன்றியது. யாரோ பெற்ற பிள்ளைகள் அவள் பிள்ளையைத் தனியாக விடவில்லை. காப்பாற்ற முடியாதவர்கள், கூட்டிக்கொண்டாவது வந்துவிட்டார்கள். வாசலைப் பார்க்கத் திருப்பக் கை நீண்டது. திருப்பவில்லை. இனி எங்கே போவான்?

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு நாள் மதியம் கந்தலோடு உட்கார்ந்தவள், கீழ்த்தட்டைப் பார்த்ததும் அப்படியே இருந்துவிட்டாள்.

மகனுடைய செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி.

தோல் செருப்பு. வாரில் நீலத் துணிப் பட்டை, பொடிப் பொடியாக நெருக்கித் தைத்த தையல்.

அடியில் ஈரம்.

எந்தச் செருப்பையும் அவள் திருப்பி வைத்திருக்கவில்லை. எல்லாம் சுவரைப் பார்த்தபடிதான் நின்றன. தன்னால் நடந்தது எதுவும் இல்லை, தன்னால் தடுக்கக்கூடியதும் எதுவும் இல்லை என்று அன்றுதான் அவளுக்கு விளங்கியது. அதில் ஆறுதல் இல்லை. தெருவில் மெஷின் ஓடும் சத்தம் இங்கேவரை கேட்டது. ஓடி நின்று, ஓடி நின்று, சந்தோஷமாகக் கேட்டது.

போய்ச் சொல்லலாமா? சொல்லி என்ன ஆகும்? போன் அடிக்கும்வரைக்குமாவது அவள் தைக்கட்டும்.

சாவிக்காரி ஒவ்வொரு ஜோடியாகத் துடைத்தாள். பிறகு மேல் தட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் வாசலைப் பார்க்கத் திருப்பினாள். கடைசியாகத் தன் மகனுடையதையும்.

"வாங்கப்பா" என்றாள். "நான் முன்னாடி போறேன்."

தையற்காரி வீட்டு வாசலில் தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

"என்னக்கா வேலை நேரத்துல? செருப்பெல்லாம் உனக்கு லீவு குடுத்துருச்சா?"

"சும்மாதான். கொஞ்ச நேரம் உன்கூட உட்காரலாம்னு."

"உட்காரு, உட்காரு. செருப்புன்னதும் ஞாபகம் வருது, வாசல்ல இருந்த தம்பி செருப்பை எந்த நாயோ தூக்கிட்டுப் போயிடுச்சுக்கா. அடுத்த மாசம் லீவுல வரப்போ என்னைத்தான் கத்துவான்." அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை விரித்துக் காட்டினாள். "அவனுக்குத்தான். போன தடவை தோள் பிடிக்குதுன்னான். இது சரியா இருக்குமா, பாரு."

சாவிக்காரி சட்டையின் தோளைத் தடவிப் பார்த்தாள்.

"சரியா இருக்கும்."

வெளியே தூறல் விழத் தொடங்கியது. பகல் வெளிச்சம் மங்கியது. உப்பு வாடை மெல்ல உள்ளே வந்தது.

தையற்காரி மெஷினை நிறுத்தினாள். "வாசல்ல யாரோ வந்திருக்காங்க போலிருக்கே. நூல் வாங்க அனுப்பின பொண்ணா இருக்கும். போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"இரு." சாவிக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கயும் போகாதே. நான் இருக்கேன்ல."

"ஏன்க்கா இப்படி இறுக்கிப் பிடிக்கறே?"

சாவிக்காரி இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் ஒரு ஜோடி செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.

எல்லாம் ஓய்ந்த பிறகு, கடைசியாக, ஓர் ஊக்கு கல்படியில் உரசியது.