செத்த அடுக்கு

நேற்றுப் பூசிய தோல் நிறத்தைக் காணோம். கான்வாஸில் தூங்கிக்கொண்டிருந்த இளைஞன் மறுபடி சாம்பலாகக் கிடந்தான்.

ஆதிநாராயணன், கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையின் பாதுகாப்பு மேலாளர், மூன்று மாதமாக ஆன்லைனில் ஆயில் பெயின்டிங் கற்கிறார். விருந்துகளில் தன்னை 'ஆர்ட்டிஸ்ட்' என்று சொல்லிக்கொள்ள முதல் வகுப்பே போதுமானதாக இருந்தது. இப்போது பழைய இத்தாலிய ஓவியம் ஒன்றைப் பிரதியெடுக்கிறார். முதலில் உடம்பு முழுவதும் சாம்பல் நிறம். காய்ந்த பின் அதன்மேல் மெல்லிசாகத் தோல் நிறம். அடியிலிருக்கும் சாம்பலுக்குச் 'செத்த அடுக்கு' என்று பெயர். வகுப்பில் அதைக் கேட்டு ரசித்துச் சிரித்திருந்தார்.

மூன்றாவது தடவையாகப் பூசினார். சன்னலுக்கு வெளியே சிப்காட் லாரிகள் உறுமிக்கொண்டே போக, ஆளிவிதை எண்ணெய் வாசனைக்கு அடியிலிருந்து வேறொன்று, சுட்ட இரும்பும் கருகிய முடியும் கலந்தது, மெல்ல எழுந்து தொண்டையில் ஒட்டியது. நெஞ்சில் வைத்த சிவப்பு அவர் கண்முன்னாலேயே உள்ளே இறங்கியது.

பின்னால் வீட்டு வேலை செய்யும் முத்தம்மா. அவள் மகன் லோகு போன மாதம்தான் அவருடைய ஆலையில் உலையடியில் செத்தான்.

"நாளிக்கி விசாரண சார். புள்ளைக்கு ஹெல்மெட்டே குடுக்கலன்னு உனுக்குத் தெரியும். அத்த மட்டும் சொல்லிடு."

"ரிப்போர்ட்ல உண்மைதான் இருக்கும் முத்தம்மா. நீ பெருக்கு."

"பெருக்கிக்கினுதான் சார் கீறேன்."

மேசையில் அறிக்கை. கொடுத்த தலைக்கவசத்தை லோகு அணிய மறுத்தான் என்றிருந்தது. ஓவியத்தின் மூலையில் போடுவதற்காகப் பழகிவைத்திருந்த சுழித்த கையெழுத்தை அதன் அடியில் போட்டார். நன்றாக வந்தது.

வாசனை நின்றது. துடைப்பச் சத்தமும்.

திரும்பினார். கான்வாஸில் கன்னம் சிவந்திருந்தது. தோள், விரல் நுனி. நெஞ்சு ஏறி இறங்கியது.

"கலர் புடிச்சிக்கிச்சி சார்," என்றாள் முத்தம்மா. "என் லோகு மேரியே கீறான்."

அவர் விரலில் சாம்பல். டர்பன்டைன் ஊற்றித் தேய்த்தார். சாம்பல் மேலே ஏறியது. மணிக்கட்டு. முழங்கை. கழுத்து. கூப்பிட நாக்கு இல்லை. கால் மடங்கியது. படத்தில் இருந்த அதே கிடப்பில் விழுந்தார்.

கண் மட்டும் மிச்சம்.

முத்தம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்திரி நைனா," என்றாள். பிறகு குனிந்து துடைப்பத்தை எடுத்தாள்.

சரக். சரக். அருகில்.

முறத்தில் முதலில் உதிர்ந்தவை, கையெழுத்துப் போட்ட விரல்கள்.