பச்சை ஓலைப் புகை

திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போகிற டகோட்டா விமானத்தில் ஸ்டூவர்டாக இருந்த செபஸ்தியானுக்கு யார்மேலும் லேசில் நம்பிக்கை வராது. அதிலும் அன்று காலை ஏறிய கீழக்கரை ரத்தின வியாபாரி பாக்கர், மடியில் வைத்த தோல்பையைக் கீழே இறக்கவே மாட்டேன் என்றதும், இந்த ஆள் சரியில்லை என்று முடிவுகட்டிவிட்டான்.

ராமநாதபுரம் கரை தாண்டி, கீழே கடல் விரிந்தபோது பாக்கரின் இருக்கைப் பக்கம் புகை கிளம்பியது.

"என்ன பாய், சுருட்டா?"

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா நான் எதையும் பத்தவைக்கல தம்பி! காலடியிலருந்து வருது!"

செபஸ்தியான் பையைப் பிடுங்கித் திறந்தான். துணிமணியும் பேரீச்சம்பழமும்தான் இருந்தன.

பயணிகளை முன்வரிசைக்கு நகர்த்தி, ஈரத்துணியால் மூக்கைப் பொத்தச் சொல்லிவிட்டு, கேப்டன் வீரபத்திரனிடம் ஓடினான். அவர் மின்சார சுவிட்சுகளை அணைத்துக்கொண்டே விமானத்தைக் கரைப்பக்கம் திருப்பினார்.

"எங்கன எரியுதுன்னு சீக்கிரம் பாருப்பா! கடல்ல இறங்குனா ஒருத்தனும் மிஞ்ச மாட்டான்."

தீயணைக்கும் சிலிண்டரோடு பின்னால் போனவன், புறங்கையால் சுவர்த் தகட்டைத் தடவினான். உள்ளே நெருப்பு ஒளிந்திருந்தால் சுட வேண்டும். ஆனால் மீன்பெட்டி ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. ஈரம் வேறு கசிந்தது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

உப்பு.

அப்போதுதான் வாசனை பிடிபட்டது. பச்சைப் பனையோலை! பாம்பனில் அவன் தெருவில், மீன்பிடிக்கக் கடலுக்குப் போன வள்ளம் திரும்பாவிட்டால் வீட்டார் கரையில் பச்சை ஓலையைக் கொளுத்திப் புகை போடுவார்கள். புகையைக் கண்ட வள்ளத்துக்காரன் "வாரேன்" என்று குரல் கொடுப்பான். கொடுத்துவிட்டால் புகை போட்டவரிடம் வந்தே ஆகவேண்டும். போன மார்கழியில் அண்ணன் சவேரியாருக்கும் நாள்கணக்கில் புகை போட்டார்கள். குரலும் வரவில்லை, உடம்பும் வரவில்லை.

கரையில் இருப்பவர்கள் போடுகிற புகை இது. நடுக்கடலுக்கு மேலே யார் போடுவது?

"ஏலே, செபஸ்தி..."

அண்ணன் குரல்.

சிறுவயதிலிருந்து பழகிய பாழாய்ப்போன வாய், அவன் யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டது.

"வாரேண்ணே!"

புகை சட்டென்று நின்றது.

உச்சிப்புளிப் பக்கத்தில் போர்க்காலத்து ஓடுபாதை ஒன்றில் விமானம் பத்திரமாக இறங்கியது. எங்கு தேடியும் கருகிய கம்பி ஒன்றுகூட இல்லை. பாக்கர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒங்களாலதான் பொழச்சோம் தம்பி."

செபஸ்தியான் கையை விடுவித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினான். ஐயோ, அண்ணனுக்கு என்ன வார்த்தையைக் கொடுத்துத் தொலைத்தோம்!

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு, மனைவி அருள்மேரியோடு மதுரைக்குப் போய் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தான். கடல் இல்லாத ஊரில் யார் வந்து கூப்பிடப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஒருநாள் காலையில் அருள்மேரி கேட்டாள்.

"ஏங்க, நான் இன்னும் அடுப்பே பத்தவைக்கல. யாரு ஓலையக் கொளுத்துறா?"

செபஸ்தியான் புறங்கையால் சுவரைத் தொட்டான். சில்லென்று ஈரமாக இருந்தது.

இந்தத் தடவை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

"ஏலே, வாரேன்னியே..."