டப்பா சொன்ன பாதிக் கதை

குண்டூசி என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. ஆள் அவ்வளவு ஒல்லி; கேள்வி கேட்டால் அவ்வளவு குத்தும். மாமா விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சர்கூட வாய் தவறி அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அன்று மாலை குண்டூசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால்பந்து இறுதி ஆட்டம். அவர்கள் ஊர் நீலச்சட்டை அணி விளையாடுகிறது. மாமா மூன்று டிக்கெட் வாங்கி வந்திருந்தார். மாமாவுக்கு, அம்மாவுக்கு, குண்டூசிக்கு. அவள் மைதானத்துக்குப் போகப்போவது இதுதான் முதல் தடவை.

"அப்பாவுக்கு?" என்று கேட்டாள்.

"ஆளை விடுங்க சாமி! ஒரு தடவை வந்து பட்டது போதும்" என்றார் அப்பா.

அப்பா நூலகர். சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. போன அந்த ஒரு தடவையும், சுற்றிலும் கத்தியவர்களை எல்லாம் பார்த்து "ஷ்ஷ்! ஷ்ஷ்!" என்று சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார்.

அம்மா அப்படியே தலைகீழ். அம்மா பஸ் ஓட்டுகிறார். நடுவழியில் ஹாரன் கெட்டுப்போனால்கூடக் கவலைப்பட மாட்டார். ஜன்னல் வழியாக ஒரு அதட்டல் போட்டால் போதும், முன்னால் போகிற லாரிகூட ஒதுங்கி வழிவிடும்.

"குண்டூசி, இங்க வா. உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று அம்மா பீரோ மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை இறக்கினார். உள்ளே பிஸ்கட் இல்லை. வாசலில் கிழித்துக் கொடுத்த பாதி டிக்கெட்டுகள்தான் இருந்தன. மஞ்சள், பச்சை, ரோஜா நிறம் என்று விதவிதமாக.

அம்மா ஒன்றை எடுத்தார். "இது பேய் மழை பெஞ்ச ஆட்டம். பந்து எது, குட்டை எதுன்னே தெரியலை. நடுவர் விசில் ஊதினா, சத்தம் வரலை, தண்ணிதான் வந்துச்சு!"

குண்டூசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இந்த ஆட்டத்துல ஒரு நாய் உள்ள புகுந்துடுச்சு. சும்மா சொல்லக் கூடாது, அன்னைக்கு நம்ம ஆளுங்களைவிட அதுதான் நல்லா ஓடுச்சு. இதுல கரண்ட் போயிடுச்சு. விளக்கு வந்து பார்த்தா, பந்து நம்ம கோலுக்குள்ள உட்கார்ந்திருக்கு!"

சிரித்துக்கொண்டிருந்த மாமாவின் முகம் மெல்ல மாறியது.

"அக்கா, நாம போன அந்த மழை ஆட்டத்துல கடைசியில என்ன ஆச்சு?"

"தோத்தோம்."

"நாய் வந்த ஆட்டம்?"

"தோத்தோம்."

மாமா டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். எல்லாம் தோல்வி. ஒன்றுகூட வெற்றி இல்லை.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முடி திருத்துவதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் ராசி, சகுனம் என்று வந்துவிட்டால் மூளையைக் கழற்றி வைத்துவிடுவார். ஆட்டம் நடக்கும் மாதம் முழுக்க அவர் நீலச் சாக்ஸைத் துவைக்க மாட்டார். துவைத்தால் ராசி போய்விடுமாம். பக்கத்தில் உட்காருபவர்களுக்குத்தான் உயிர் போகும்.

"அக்கா… தப்பா நினைக்காதே" என்று இழுத்தார் மாமா. "உனக்கு ராசியில்லைன்னு தோணுது. நீ ஞாயித்துக்கிழமை வராம இருந்தா நல்லது. இறுதி ஆட்டம் பாரு…"

அம்மா போடப்போகும் சத்தத்துக்குப் பயந்து குண்டூசி காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அம்மா கத்தவில்லை. டிக்கெட்டுகளை டப்பாவுக்குள் போட்டு மூடினார். "எனக்கும் அன்னைக்கு டியூட்டி இருக்குடா. மறந்தே போயிட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை என்பது அந்த வீட்டுப் பல்லிக்குக்கூடத் தெரியும். அம்மா இல்லாமல் குண்டூசிக்கு என்ன ஆட்டம், என்ன மைதானம்?

மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குச் சட்டென்று ஒரு ஞாபகம் வந்தது. வாயில் நுரையோடு சமையலறைக்கு ஓடினாள்.

"அம்மா, ஒரு மொட்டைத் தலைக்காரர் கோல் அடிச்சாருன்னு எப்பவும் சொல்லுவியே, அந்த ஆட்டத்தை நேர்லயா பார்த்தே?"

"பின்னே? பந்து அவர் தலையில பட்டு, வழுக்கிக்கிட்டே உள்ள போச்சு. அன்னைக்கு ஜெயிச்சோம்."

"அந்த டிக்கெட் டப்பாவுல இல்லையே?"

அம்மா யோசித்தார். "இருக்கணுமே…"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "எப்படி இருக்கும்? ஜெயிச்சா உங்கம்மா சும்மா இருப்பாளா? கையில என்ன இருக்கோ, அதைத் தூக்கி வானத்துல வீசுவா. நான் போன அன்னைக்கு டிக்கெட்டோட என் குடையும் போச்சு. சின்னக் குடைகூட இல்ல, நல்ல பெரிய குடை!"

"ஒரு குடைக்கு எத்தனை வருஷம் பேசுவீங்க?" என்றார் அம்மா.

"தோத்தா என்ன செய்வே அம்மா?" என்று விடாமல் கேட்டாள் குண்டூசி.

"என்ன செய்யறது? டிக்கெட்டைப் பையில போட்டுக்கிட்டுப் பேசாம வீட்டுக்கு வருவேன்."

குண்டூசி துள்ளிக் குதித்தாள். நுரை அப்பாவின் பேப்பர் மேல் தெறித்தது. "அம்மா! ஜெயிச்ச டிக்கெட் எல்லாம் பறந்து போயிடுச்சு! தோத்த டிக்கெட் மட்டும்தான் வீட்டுக்கு வந்திருக்கு!"

அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்து, மறுபடி வாடியது. "இருக்கட்டும் குண்டூசி. நான் வந்து, ஒருவேளை தோத்துட்டா? உன் மாமா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

குண்டூசி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு நேராக மாமாவின் கடைக்குப் போனாள்.

மாமா ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். அந்த மனிதருக்கு ஒரு கன்னம் பளபள என்றிருந்தது. இன்னொரு கன்னம் முழுக்க நுரை.

"மாமா, ஒரு கேள்வி."

"குத்தாம கேளு."

"மொட்டைத் தலைக்காரர் கோல் அடிச்ச அன்னைக்கு உங்க பக்கத்துல யாரு இருந்தா?"

"அக்காதான்."

"பெனால்டியில ஜெயிச்சோமே, அன்னைக்கு?"

"அதுவும் அக்காதான். ஐயோ, அதை ஏன் கேக்கறே! கோல் விழுந்ததும் தண்ணி பாட்டிலைத் தூக்கி வீசிட்டா. அது முன்னால யாரோ ஒருத்தர் மண்டையில போய்…"

"யோவ்! அது என் மண்டைய்யா!" என்று நுரைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"கத்தி! கத்தி! ஆடாதீங்கண்ணே!" என்று மாமா அலறினார்.

"இந்தா, தொட்டுப் பாரு. புடைச்சது இன்னும் அடங்கலை."

மாமா மரியாதையாகத் தொட்டுப் பார்த்தார். குண்டூசியும் பார்த்தாள். நிஜமாகவே புடைத்துத்தான் இருந்தது.

"ஆனா ஜெயிச்ச சந்தோஷத்துல எனக்கு வலியே தெரியலை" என்றார் நுரைக்காரர். "சண்டை போடலாம்னு திரும்பினேன். அந்தம்மா கத்துற கத்தலைப் பார்த்து நானும் சேர்ந்து கத்திட்டு வந்துட்டேன்."

மாமா தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி. ஆனா டப்பா பொய் சொல்லுமா?"

"பொய் சொல்லலை மாமா. பாதிதான் சொல்லுது. ஜெயிச்சா அம்மா டிக்கெட்டை வீசிடறாங்க. அப்புறம் டப்பாவுல எப்படி இருக்கும்?" என்றாள் குண்டூசி. "அதுவும் இல்லாம, தோத்த ஆட்டத்துக்கெல்லாம் நீங்களும்தானே போனீங்க? உங்க சாக்ஸும் கூடத்தானே வந்துச்சு?"

மாமா குனிந்து தன் சாக்ஸைப் பார்த்தார். நுரைக்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி எல்லாம் நுரை.

"அக்கா ரொம்ப வருத்தப்பட்டாளா?" என்று மெதுவாகக் கேட்டார் மாமா.

"நேத்து டிவியில விளையாட்டுச் செய்தி வந்துச்சு. அம்மா சேனலை மாத்திட்டாங்க."

மாமா கத்தியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டோடு தெருவில் இறங்கி நடந்தார்.

"யோவ், பாதி முகம் இருக்குய்யா!" என்று நுரைக்காரர் கத்தினார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் பின்னாலேயே வந்தார். பாட்டில் வீசிய ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை இருக்காதா?

கதவைத் திறந்த அம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, நான் ஒரு மடையன். அந்த டியூட்டிக்கு எல்லாம் லீவு போடு" என்றார் மாமா.

"ராசியில்லாதவ எதுக்குடா அங்க?" என்ற அம்மாவின் குரல் உடைந்தது.

"நீ வரலைன்னா நானும் போகலை. டிக்கெட்டை இப்பவே கிழிச்சுப் போடறேன் பாரு!"

"டேய், டேய்! கிழிக்கறதுக்கு வாசல்ல ஆள் வெச்சிருக்காங்க. நீ கிழிச்சா உள்ள விட மாட்டான்!" என்று பதறிப் பிடுங்கினார் அம்மா. பிடுங்கியவர் அதைத் திருப்பித் தரவில்லை.

நுரைக்காரர் கைகூப்பினார். "ஒரே ஒரு வேண்டுகோள்மா. ஞாயித்துக்கிழமை பாட்டில் மட்டும் கொண்டு வராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டமா அது! தலைக்கு மேல் தலை. குண்டூசி அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஆளுக்கொரு கோல் என்று ஆட்டம் சமமாக இருந்தது. கடைசி நேரத்தில் எதிரணி பந்தை உதைத்தது. சாதாரண உதைதான். நீலச்சட்டை கோல்கீப்பர் பிடிக்கப் பாய்ந்தார். கால் வழுக்கியது. பந்து அவரைத் தாண்டி உருண்டு, வலைக்குள் போய்விட்டது.

நீலச்சட்டை தோற்றது.

அம்மா மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. குண்டூசி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பின் வரிசையில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "எவனோ ராசி கெட்டவன் இன்னைக்கு உள்ள வந்திருக்கான்பா!"

மாமா விருட்டென்று திரும்பினார். "அண்ணே! கோல்கீப்பர் வழுக்கி விழுந்ததுக்கு ராசி என்னண்ணே பண்ணும்? இது எங்க அக்கா! மழைன்னும் பார்க்காம, வெயில்னும் பார்க்காம, தோத்தாலும் ஜெயிச்சாலும் வர்ற ஆளு! இவங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்க, அவ்வளவுதான்!"

"நான் உங்க அக்காவை ஒண்ணுமே சொல்லலையேப்பா!" என்று அந்த ஆள் மிரண்டு போனார்.

அம்மா வாயைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. அம்மா சிரித்த சிரிப்பில், தலையைத் தொங்கப்போட்டுப் போய்க்கொண்டிருந்த நீலச்சட்டைக்காரர்கள் பதினொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.