குஸ்கோ நகரில் நிலநடுக்கம்

குருவிகுளம் பக்கத்துப் பள்ளியிலிருந்து கிளம்பிய ஆட்டோ சங்கரன்கோவிலுக்கு வந்து சேர்வதற்குள் குஸ்கோ நகரம் இடிந்துபோயிருந்தது.

ஆறாம் வகுப்பு ஜாய்லினும் பாண்டிராஜும் ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த மாதிரி அது. குஸ்கோ, பெரு நாட்டில் இருக்கிறது. கீழே இன்கா மக்கள் கட்டிய கற்சுவர். அதன்மேல், அதில் ஒரு பகுதியை மறைத்தபடி, பின்னாளில் அந்த நாட்டைப் பிடித்த ஸ்பானியர்கள் எழுப்பிய தேவாலயம். 'நாங்கள் போக விரும்பும் கல்விச் சுற்றுலா' என்பதுதான் போட்டி. வென்றால் வகுப்பு முழுவதையும் கீழடிக்கு அழைத்துப்போவார்கள்.

சுவர் ஜாய்லினுடைய வேலை. ஈரக் களிமண் கற்களை ஒன்றோடொன்று அழுத்தி, வடிவம் பதிந்ததும் காயவைத்து அடுக்கியிருந்தாள். இன்காக்களைப் போலவே, ஒட்டுவதற்கு எதையும் தொடவில்லை.

"முதல் பள்ளத்துலேயே ஒன் சுவரு உதிரப்போவுது பாரு," என்று பாண்டிராஜ் கேலி செய்திருந்தான்.

இப்போது சுவர் அப்படியே நின்றது. பசை போட்டு ஒட்டிய அவனுடைய தேவாலயக் கோபுரம்தான் இரண்டாக முறிந்து கிடந்தது.

"ஒரு பள்ளத்துக்கு ஒதுங்கினேன் மக்கா, ரெண்டு பள்ளம் எதிர்ல வந்து நின்னுட்டு," என்றார் ஆட்டோ ஓட்டிவந்த இசக்கித்துரை அண்ணாச்சி, பாவமாக.

உடன் வந்த ராஜகுமாரி டீச்சர் பெயர் பதியப் போயிருந்தார். இருவரும் மாதிரியை மெல்லத் தூக்கிப் போட்டி அரங்கத்து மேசையில் வைத்தார்கள்.

"முப்பது பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க. எல்லாம் என்னாலதான் போச்சு," என்றான் பாண்டிராஜ்.

'என்ன சொன்ன நீ அன்னைக்கு?' என்று கேட்க ஜாய்லினுக்கு நாக்கு துறுதுறுத்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, பசை காய நேரம் இருக்கா?" என்று கேட்டான் அவன்.

"இல்லலே. நடுவர் மூணாவது மேசைக்கு வந்துட்டாங்க."

ஜாய்லின் குனிந்து பார்த்தாள். தேவாலயத்தின் அட்டை பிய்ந்த இடத்தில், உள்ளே மறைந்திருந்த கற்சுவர் எட்டிப் பார்த்தது. சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏலே, எதையும் எடுக்காத. 1950-ல அங்க நிலநடுக்கம் வந்துதுன்னு படிச்சோம்லா? தேவாலயம் இடிஞ்சுது. இன்கா சுவரு நின்னுது. இது அதேதான். நீயே சொல்லு."

"நானா?"

"கோயிலு ஒன்னோடது. விழுந்த கதைய ஒன்ன மாதிரி யாரு சொல்லுவா?"

நடுவர் அம்மா வந்தார். கண்ணாடிக்கு மேலாக உற்றுப் பார்த்தார். "என்ன தம்பி, ஊர் இப்படிக் கிடக்கு?"

பாண்டிராஜ் முறிந்த கோபுரத்தைச் சுட்டிக் காட்டினான். "மேடம், நாம சரியான நாள்ல வந்துருக்கோம். இப்பதான் நிலநடுக்கம் முடிஞ்சிருக்கு."

நடுவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பாண்டிராஜுக்குத் தைரியம் வந்துவிட்டது. கோபுரம் சாய்ந்ததையும், மறைந்திருந்த சுவர் வெளியே தெரிந்ததையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான்.

"சுவரு நல்லா ஒட்டியிருக்கு போல," என்றார் நடுவர்.

"ஒரு சொட்டுப் பசைகூட இல்ல மேடம். ஒரு கல்ல எடுத்துப் பாருங்க," என்றாள் ஜாய்லின்.

அவர் உச்சியிலிருந்த ஒரு கல்லை எடுத்தார். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அதன் இடத்திலேயே வைத்ததும் 'க்ளக்' என்று உட்கார்ந்தது. பிறகு மேசையைப் பிடித்து நன்றாக ஓர் ஆட்டு ஆட்டினார். சுவர் அசையவில்லை.

முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

அறிவித்த பிறகும் மேசையைச் சுற்றிக் கூட்டம் குறையவில்லை. ஆளுக்கு ஒருமுறை ஆட்டிப் பார்க்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வந்தவர்களிடமெல்லாம் பாண்டிராஜ் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்:

"எவ்வளவு வேணும்னாலும் ஆட்டுங்க. இதக் கட்டினவ இந்தா நிக்கா."