ஒருவழி வலை

மின்விசிறியை அணைக்கச் சொன்னார் மாப்பிள்ளை. பரணுக்குள் கொஞ்சமாவது நல்ல காற்று வரட்டும் என்று ஏறும் வழியில் வைக்கிற சின்ன விசிறி அது. அது இல்லாமல் எந்தக் கூரைக்குள்ளும் தலையை நீட்டமாட்டேன் என்று இத்தனை வருடம் அடம்பிடித்த மனிதர், இன்று அதன் காற்று கழுத்தில் பட்டதுமே தொண்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, எல்லாம் உங்கள் தங்கை சமையலின் மகிமை மச்சான் என்றார். அவனும் சிரித்துக்கொண்டே விசிறியை அணைத்தான்.

பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் கூட்ட அரங்கு. மேடைக்கு நேர் மேலே, மரப்பலகை மச்சுக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவில் நிமிர்ந்து நிற்க முடியாத அந்தப் பரண். வவ்வால்களைக் கொல்லாமல் வெளியேற்றுவதுதான் இவர்கள் தொழில். அவை வந்துபோகும் இடுக்கில் வலையைத் தொங்கவிடுவார்கள். வெளியே போகலாம், திரும்ப நுழைய வழி கிடைக்காது. குட்டிகள் பறக்கப் பழகும்வரை பொறுத்திருந்துதான் வலை கட்டுவார்கள். நாலைந்து நாள் கழித்து உள்ளே ஏறி, தங்கிப்போனது ஏதாவது உண்டா என்று பார்த்துவிட்டு இடுக்கை அடைப்பார்கள். அவனுடைய தங்கைதான் மாப்பிள்ளையின் மனைவி. வண்டி ஓட்டுவதும், அந்தி நேரத்தில் கட்டடத்துக்குப் பின்னால் நின்று வலையைக் கவனிப்பதும் அவள் வேலை. இப்போதும் அங்கேதான் நின்றாள்.

அவன் முன்னால் தவழ்ந்தான். தலைவிளக்கின் வெளிச்சம் உத்தரங்களில் ஏறி இறங்க, முழங்காலுக்கடியில் பல வருடத்து எச்சம் மெத்தென்று அமுங்க, மாஸ்க்கையும் மீறி மூத்திர நெடி கண்ணைக் கரிக்க, எங்கேயோ ஓடுகளுக்கிடையில் கடைசி வெளிச்சம் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. துப்புகிற சத்தம். மாஸ்க் போட்டவர் எப்படித் துப்புவார்? திரும்பிப் பார்த்தான். மாப்பிள்ளையின் மாஸ்க் கழுத்தில் தொங்கியது. மோவாயிலிருந்து எச்சில் கயிறுபோல இறங்கிக்கொண்டிருந்தது.

எச்சத் தூசி நெஞ்சுக்குள் போனால் பூஞ்சை பிடிக்கும் என்று வாடிக்கையாளர்களை மிரட்டி வைத்திருப்பவர் இவர். மாஸ்க்கைப் போடுங்க மாப்ள என்றான். மூச்சு முட்டுகிறதாம். தாகமாம். பாட்டிலைத் திறந்து நீட்டினான். தண்ணீரைப் பார்த்ததும் அவர் தொண்டை தானாக ஒருமுறை வெட்டி இழுத்தது, பாட்டிலைத் தட்டிவிட்டார். தண்ணீர் எச்சத்தில் ஊறிப் போயிற்று.

அப்போதுதான் அவனுக்கு அந்தக் கடி ஞாபகம் வந்தது.

போன மாதம் ஒரு கிடங்கில் கீழே விழுந்துகிடந்த குட்டிகளை இவர் வெறுங்கையால் எடுத்தார். எப்போதும் அப்படித்தான். தடித்த கையுறைக்குள் குட்டியின் எலும்பு நொறுங்குவது தெரியாது என்பார். ஒன்று சுண்டுவிரலைக் கவ்வியது. ரத்தம் இல்லை, தடம்கூட இல்லை. டாக்டரிடம் போகலாம் என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான். தொழிலுக்கு வந்தபோதே மூவரும் வெறிநோய்க்கு ஊசி போட்டாயிற்றே, பயந்தாங்கொள்ளி மச்சான் எனக்கு வாய்த்திருக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பழைய ஊசி இருந்தாலும் கடிபட்டால் மறுபடி போட்டாக வேண்டும் என்று முதல் ஊசியன்றே நர்ஸ் சொன்னதை அவன் எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. காலையில் வண்டியில் வரும்போது தங்கை சொன்னாள். மூன்று நாளாகத் தூக்கம் இல்லையாம், சுண்டுவிரல் குறுகுறுக்கிறதாம், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறாராம்.

கீழே போகலாம் என்று சொல்ல வாயெடுத்தான். மூலையில் கீச்சென்று ஒரு சத்தம். உத்தரத்தின் பக்கவாட்டில் ஒற்றை வவ்வால் ஒட்டிக்கொண்டிருந்தது. பறக்கத் தெரிந்தும் போகாமல் நின்றுவிட்ட குட்டி.

மாப்பிள்ளை கை நீட்டினார். இத்தனை வருடத்தில் ஒன்றைக்கூட நசுக்காத கை. அதை எடுத்தார், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், மூடினார். எலும்புகள் முறிகிற சத்தம் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. விரல்களுக்கிடையில் வந்ததைப் பலகையில் வைத்துக் குத்தினார். மறுபடி குத்தினார். பலகை அதிர்ந்தது. முட்டி கிழிந்து அவருடைய ரத்தமும் அதோடு கலந்தது. நிறுத்தவே இல்லை. குத்தும்போதெல்லாம் அழுதார்.

"மச்சான், என்னை இறக்கிவிடுங்க" என்றார், நல்ல புத்தியோடு, தெளிவாக. "அவ பக்கத்துல மட்டும் விட்றாதீங்க."

அவன் அவர் பக்கம் தவழ்ந்தான். வாங்க என்று கை கொடுத்தான்.

கடித்தார்.

முன்கையில். சட்டையோடு, சதையோடு. பல் எலும்பில் பட்டு உராய்ந்தது. அவன் அலறிக்கொண்டே அவர் தலையை உத்தரத்தில் மோதினான். ஒருமுறை. விடவில்லை. இரண்டாவது முறை விட்டார், வாயில் துணியும் சதையுமாக. தூசி எழும்பி விளக்கை மறைத்தது. எதுவும் தெரியவில்லை. மூச்சு மட்டும். எந்தப் பக்கம் என்று தெரியாத மூச்சு. ஆணி பிடுங்கும் கம்பியைப் பலகையிலிருந்து எடுக்கிற சத்தம். முகத்தைத் திருப்பினான், போதவில்லை. தாடையில் இறங்கியது.

பல் சிதறியது. தாடை கழன்று தொங்கியது. போன் எங்கே விழுந்ததோ. முகத்தை உதைத்தான். தங்கையின் புருஷனை, தன் சிநேகிதனை, குதிகாலால் முகத்திலேயே உதைத்தான். மூக்கு உடைந்தது காலில் தெரிந்தது. தவழ்ந்தான். பின்னால் அவரும் தவழ்ந்தார். கணுக்காலில் விரல்கள். உதறினான். விசிறி. ஓட்டை. ஏணி. பரண் கதவை மேலே தள்ளிச் சாத்திக் கீழ்ப்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டான். மேலே ஓர் இடி. ஏணி ஆடியது. விழுந்தான்.

மேடையில் கிடந்தபோது இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. மேலே இடி தொடர்ந்தது. பலகையிலிருந்து தூசி கொட்டியது. தாழ்ப்பாள் தாங்கும், ஆள் வரும்வரை தாங்கும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் மட்டும் இங்கே வராமல் இருந்தால் போதும்.

திடீரென்று இடி நின்றது. நிசப்தத்தில் அரங்கின் பக்கவாட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

தங்கை ஓடிவந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் முட்டிபோட்டு உட்கார்ந்தாள், துப்பட்டாவைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்தினாள். போ என்று சொல்ல முயன்றான். ரத்தமும் காற்றும்தான் வெளியே வந்தன. கடிபட்ட கையைத் தூக்கி மேலே காட்டினான்.

"வவ்வாலாண்ணா? பயப்படாத, நமக்குத்தான் ஊசி போட்டிருக்கே. அவருக்கும் அடிபட்டிருச்சா?"

தலையை ஆட்டினான். இல்லை என்று ஆட்டினான். ஆட்டிய வேகத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மேலிருந்து குரல் வந்தது. காலையில் வண்டியில் பாட்டு முணுமுணுத்த அதே குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது.

"அம்மு, தண்ணி குடும்மா."

அவர் அவளை அப்படிக் கூப்பிடுவது வீட்டுக்குள் மட்டும்தான். அவள் எழுந்தாள். அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டான், இரண்டு கையாலும், இருந்த பலம் எல்லாம் கூட்டி. விடுண்ணா, அவர் மேல மாட்டிக்கிட்டிருக்காரு என்று அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், அவனுக்கு வலிக்காமல் பார்த்துப் பார்த்துப் பிரித்தாள். சாய்ந்து கிடந்த ஏணியை நிமிர்த்தினாள். பையிலிருந்த பாட்டிலை எடுத்து இடுக்கிக்கொண்டு ஏறினாள்.

அவன் கத்தினான். ஆனால் அது ஒரு பேச்சாக இல்லை. வலியில் கத்துகிறான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். இதோ வந்துட்டேன் என்று இருவருக்குமாகச் சேர்த்துச் சொன்னாள்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு கீழ்நோக்கித் திறந்து தொங்கியது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

இருட்டிலிருந்து இரண்டு கைகள் இறங்கிவந்தன. மிக மெதுவாக. கன்னங்களை ஏந்திக்கொண்டன. அவள் ஒரு கையால் அந்த விரல்களைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு அவருடைய முகம் தலைகீழாக இறங்கியது. வாய் திறந்திருந்தது.