உள்ளே ஒட்டிய கூரை

தபால் நிலையத்தின் கூரை அவ்வளவு கச்சிதமாக ஒட்டியிருக்க வழியே இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். பொம்மை வீட்டுக்கென்று அச்சடித்த அட்டையைக் கத்தரித்து, கோட்டில் மடித்து, ஒட்டுவதற்காக ஓரத்தில் விட்ட காதுகளில் பசை தடவி, உள்ளே விரல் விட்டு அழுத்தி ஒவ்வொரு சுவராக நிறுத்திவிடலாம். கடைசியில் மூடுகிற கூரைக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. விரல் உள்ளே போகாது. எப்பேர்ப்பட்ட கைகாரன் ஒட்டினாலும் ஓரத்தில் ஒரு மயிரிழை வாய் பிளந்து நிற்கும். நேற்று நின்றது. இன்று நகத்தால் தடவிப் பார்த்தார், எங்கும் தட்டவில்லை.

பசை காயும்போது இழுத்துக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கடை திறக்கப் போனார்.

மகளின் பிரசவத்துக்கென்று போன மனைவி, பேரன் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியும் திரும்பவில்லை. அவள் போனதும் சாப்பாட்டு மேஜையில் பொம்மை ரயில் பாதை ஏறியது. பாதையோரம் ஒரு தெரு முளைத்தது. தட்டு வைக்க இடமில்லாமல் அவர் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடப் பழகிக்கொண்டார். பகல் முழுக்க ஊரார் மூக்கில் கண்ணாடி மாட்டி, "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்கிறவருக்கு, வீட்டில் வாய் திறக்கவே வேலையில்லை.

அடுத்து ரொட்டிக்கடையின் கூரை மூடிக்கொண்டது. அதற்கடுத்து மாடி வீடு. படுக்கையறைக்குப் போகிற நடையைப் பார்த்த முனையிலிருந்து வரிசையாக, ஒவ்வொன்றாக. சோதிப்பதற்காகப் பள்ளிக்கூடத்தின் கூரையை வேண்டுமென்றே தூக்கலாக விட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் தையல் போட்டதுபோல் மூடியிருந்தது.

பயம் வரவேண்டிய இடத்தில், வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. யாரோ கூடமாட ஒத்தாசை செய்கிறார்கள். காலையில் செருப்பு மாட்டும்போது மேஜையைப் பார்த்து, "வரட்டுமா?" என்று கேட்கக்கூட ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மாலை மங்கும் நேரத்தில் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"பொம்மை வீடு கட்டுனது போதும். குடியிருக்கிற வீட்டுக்கு ஒட்டடை அடிச்சீங்களா?"

"அடிக்கிறேன். நீ எப்ப வர்ற?"

"வர்றேன், வர்றேன். ஏங்க, ஏன் இப்படி மூச்சு வாங்குது? மாடி ஏறுனீங்களா?"

"இல்லையே. உட்கார்ந்துதான் இருக்கேன்."

"அப்ப யாருது அது, புஸ்ஸு புஸ்ஸுன்னு?"

"மழைச் சத்தமா இருக்கும்."

போனை வைத்தார். ஓடுகளில் மழை தடதடத்தது, சாக்கடை களகளவென்று ஓடியது, எங்கிருந்தோ நனைந்த சாக்குபோல ஒரு வாடை வந்து அறையில் தங்கியது. அதற்கெல்லாம் அடியில், காதைக் கூர்மையாக்கினால் மட்டும் பிடிபடுகிற மாதிரி இன்னொரு சத்தம். ஈர அட்டை முனகுவது போல. மேஜையிலிருந்துதான். ஒரு வீட்டிலிருந்து அல்ல. தெரு முழுவதிலுமிருந்து.

கடையில் லென்ஸ் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, பேனா டார்ச்சை அடித்து, ரயில் நிலையத்தின் பிளாஸ்டிக் ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தார்.

விரல்கள்.

கூரையின் காதை உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருந்தன. எறும்புத் தலையளவு உள்ளங்கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. வேலை செய்கிற கைகள் இல்லை அவை. கதவைத் திறக்கவிடாமல் முட்டுக்கொடுக்கிறவர்களின் கைகள். நடுங்கின. நகங்கள் வெளுத்திருந்தன.

"என்னைப் பார்த்தா பயப்படுறீங்க?" என்று கேட்டார். "நான்தானே கட்டினேன்..."

டார்ச்சைக் கொஞ்சம் தாழ்த்தினார். முகங்கள் தெரிந்தன. பெரியவர்கள், தாய்மார்கள், இடுப்பில் பிள்ளைகள். ஒரு முகமும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவருடைய தோளைத் தாண்டி, மேலே, இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

ஒத்தாசை இல்லை. ஒளிந்துகொண்டிருக்கிறார்கள்.

படுக்கையறை நடையைப் பார்த்த வீடுகள்தான் முதலில் மூடின.

சாக்கு வாடை கழுத்தருகே வந்தது. சூடாக.

டார்ச் கையிலிருந்து நழுவி உருண்டு அணைந்தது. அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஜன்னல்கள் இருண்டன. இருண்ட ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டிலும், அறை விளக்கொளியில், அவருடைய முகம் தெரிந்தது. தபால் நிலையத்தில். ரொட்டிக்கடையில். பள்ளிக்கூடத்தில். தெரு நெடுக.

ஒவ்வொரு முகத்துக்குப் பின்னாலும், அறையின் கூரை இடிக்காமல் கழுத்தை மடித்துக்கொண்டு, அவர் வீடுகளைப் பார்க்கக் குனிந்த அதே மாதிரி, அவரைப் பார்க்கக் குனிந்திருந்தது இன்னொன்று.